16 ஆண்டுகள், 640 இடுகைகள்: குடும்ப வலைப்பதிவு எழுதிய அனுபவம்

2009ஆம் ஆண்டு, மகளுக்கு நான்கு வயது நிறையும் முன்பே, வலைப்பதிவு தொடங்கினேன். இன்று அதில் 640 இடுகைகள் இருக்கின்றன. இடையில் ஒருமுறை தளம் மாறினேன். இரண்டு முறை மாதக்கணக்கில் எழுதாமல் இருந்தேன். ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிடும் முடிவோடு கணினி முன் உட்கார்ந்தேன். வீட்டின் அன்றாடத்தை இணையத்தில் எழுதிவைக்க நினைப்பவர்களுக்காக, இத்தனை காலத்தில் எது நன்றாக உழைத்தது, எது கைவிட்டது என்பதை இங்கே சொல்கிறேன்.

தொடங்கியது ப்ளாகரில். பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999இல் உருவாக்கி, 2003இல் கூகுள் வாங்கிய சேவை அது. கணக்கு ஒன்று இருந்தால் போதும், பத்தே நிமிடத்தில் முதல் இடுகையை எழுதிவிடலாம். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறுகையால் தட்டச்சு செய்பவருக்கு அந்த எளிமை பெரிய வரம். வார்ப்புரு, நிறம், பக்கப்பட்டை ஆகியவற்றுக்குச் செலவிட்ட நேரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. இன்று என் வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில் படிக்கிறார்கள். அந்தப் பக்கப்பட்டை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

முதல் நான்கு ஆண்டுகள் முகம் தெரியாதவர்களுக்காக எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னூட்டங்கள் வரும். சக பதிவர்கள் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்கு ஏற்றபடி என் எழுத்தும் வளைந்தது. மகள் அரைகுறையாகச் சொன்ன ஒன்றை முழு வாக்கியமாக்கினேன். நடந்ததற்குக் கீழே வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். ஒருநாள் கணவர் ஓர் இடுகையைப் படித்துவிட்டு, "இதை அவள் சொல்லவில்லையே, நீதானே சொல்லியிருக்கிறாய்" என்றார். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது.

அந்தக் காலத்து இடுகைகளை இப்போது திறந்தால், என் சிந்தனைகள் வரும் இடங்களை விரல் தானாகவே தள்ளிக்கொண்டு போகிறது. "இன்று காலணிக் கயிற்றைத் தானே கட்டினாள், இடதுகால் மட்டும்" என்ற ஒற்றை வரியில் நின்றுவிடுகிறது. அன்று அந்த வரியைப் பொருட்படுத்தி ஒருவர்கூடப் பின்னூட்டமிடவில்லை.

பல பதிவுகளில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடர் சேவை 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. அதன் வழியாகப் பதிவுகளைப் பின்தொடர்ந்த பலர் அதற்குப் பிறகு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். ஏற்கெனவே சமூக வலைத்தளங்கள் வாசகர்களை இழுத்துக்கொண்டிருந்தன. என் பக்கத்துக்கு வருபவர்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினார்கள். சில மாதங்கள் மனம் சோர்ந்து கிடந்தேன். பிறகு எழுதியபோது தேதியும், என்ன நடந்தது என்பதும், யார் என்ன சொன்னார்கள் என்பதும் மட்டும் போதும் என்று தோன்றியது. என் பதிவின் நல்ல காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

படங்கள் தனிக்கதை. தொடக்கத்தில் அவற்றை இன்னோர் இலவசத் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து இணைப்புக் கொடுத்து வந்தேன். அந்தத் தளம் விதிகளை மாற்றியது. ஒரே வாரத்தில் ஏறத்தாழ 200 படங்கள் இருந்த இடத்தில் வெற்றுச் சதுரங்கள் நின்றன. மூலப்படங்களில் பாதி, பழுதான ஒரு வன்தட்டோடு முன்பே போயிருந்தன. படங்களுக்குக் கீழே நான் எழுதியிருந்த வரிகள் மட்டும் தப்பின. "மாடிப்படியில் உட்கார்ந்து மழையை எண்ணுகிறாள்" என்ற வரிக்கு மேலே இன்றும் ஒரு வெற்றுச் சதுரம் இருக்கிறது. அதை நான் நீக்கவில்லை. அன்றிலிருந்து படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிடுகிறேன். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், ஏற்றுவதற்கு முன் அதை நீக்கிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் அழிக்க உட்கார்ந்த நாளுக்கு வருகிறேன்.

2017. மகளுக்குப் பன்னிரண்டு வயது. உடன் படிக்கும் ஒரு பிள்ளை என் பெயரைத் தேடி வலைப்பதிவைக் கண்டுபிடித்திருக்கிறது. இருட்டுக்கு அவள் பயந்த நாட்களைப் பற்றி, ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் மிகுந்த அன்போடு எழுதிய இடுகை வகுப்பில் சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, கத்தவும் இல்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, "இதை எழுதும்போது என்னைக் கேட்டாயா அம்மா?" என்றாள். அப்போது உனக்கு ஆறு வயது என்று சொல்ல வாயெடுத்தேன். அது பதிலாகாது என்பது வாய்க்குள்ளேயே தெரிந்துவிட்டது.

அன்றிரவு அழிக்கும் பொத்தான்வரை போனேன். தடுத்தவளும் அவள்தான். "எல்லாம் வேண்டாம், நான் படித்துப் பார்க்கிறேன்" என்றாள். அடுத்த இரண்டு வார இறுதிகளில் அவளைப் பற்றிய இடுகைகள் அத்தனையையும், 230க்குமேல் இருக்கும், இருவரும் வரிசையாகப் படித்தோம். இருக்கலாம், எடுத்துவிடு, பெயரை மாற்று என்று மூன்றே சொற்களில் தீர்ப்புச் சொன்னாள்.

அவள் தீர்ப்புகள் எதுவும் நான் எதிர்பார்த்தபடி அமையவில்லை. பொது இடத்தில் தரையில் புரண்டு அடம்பிடித்த நாளை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்றாள். போட்டியில் பரிசு வாங்கிய நாளை எடுக்கச் சொன்னாள். நான் பெருமையோடு எழுதிய இடுகை அது. "அதில் தோற்றுப்போனது என் தோழி. அவள் இதைப் படித்தால்?" என்றாள். அந்தத் தோழியின் அழுகையை இரண்டு வரியில் வருணித்திருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இன்னோர் இடுகையில் வீட்டில் மட்டும் அழைக்கும் செல்லப்பெயர் இருந்தது. அதை மட்டும் எடுக்கச் சொன்னாள். மொத்தம் 37 இடுகைகளை விலக்கினோம். அழிக்கவில்லை; ப்ளாகரில் வெளியிட்ட ஒன்றை மீண்டும் வரைவாக மாற்றும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினோம்.

எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன். தேடுபொறியில் பழைய வரிகள் சில வாரம் தெரிந்துகொண்டே இருந்தன. அகற்றக் கோரித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் உலகின் பக்கங்களைச் சேமித்து வருகிறது; என்னுடையவற்றில் சிலவும் அதில் இருந்தன. அங்கேயும் கடிதம் எழுதினேன். பிள்ளைகளின் படங்களையும் கதைகளையும் பெற்றோர் இணையத்தில் பகிர்வது இன்று சட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு குழந்தையின் தனிவாழ்வைக் காப்பதைப் பற்றியது. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் குழந்தைகளின் உருவப்பட உரிமையைப் பெற்றோர் மதிக்க வேண்டும் என்று தனிச்சட்டமே இயற்றியது. இவற்றைப் படித்தபோது சட்டத்தைவிட, பையை இறக்கி வைத்துவிட்டு நின்ற அந்த முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதன்பின் பதிவைப் பூட்டிவைக்க நினைத்தேன். ப்ளாகரில் பூட்டினால் மொத்தப் பதிவையும்தான் பூட்ட முடியும். மின்னஞ்சல் வழியே அழைக்கப்பட்ட 100 பேர்வரை படிக்கலாம். ஓர் இடுகைக்கு மட்டும் பூட்டு என்ற ஏற்பாடு கிடையாது. வீட்டுப் பெரியவர்களுக்கோ உள்நுழைவதே பெரும்பாடு. அதனால் வேர்ட்பிரஸுக்கு மாறினேன். அங்கே ஒவ்வோர் இடுகைக்கும் தனிக் கடவுச்சொல் வைக்கலாம். பழைய இடுகைகளையும் பின்னூட்டங்களையும் இறக்குமதி செய்துகொள்ளவும் வழி உண்டு. மாறுவதற்கு ஒருநாள் போனது. பத்திப் பிரிப்புகளைச் சரிசெய்ய ஒரு மாதம் போனது. இப்போது பாதிக்குமேல் பூட்டிய இடுகைகள். ஒரே கடவுச்சொல்லை உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், அது நன்றாகவே நடக்கிறது.

இத்தனை ஆண்டு எழுதியதற்குக் கிடைத்த மிகப்பெரிய பலன் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 2021இல் அப்பாவின் மறதி கவலைக்குரியதாக மாறியபோது மருத்துவர், "முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?" என்று கேட்டார். ஒரு வருடமிருக்கும் என்றேன். தம்பி ஆறு மாதம்தான் என்றான். வீட்டுக்கு வந்து வலைப்பதிவின் தேடல் பெட்டியில் அப்பா என்றும், பிறகு தொலைபேசி, கண்ணாடி, சாவி என்றும் ஒவ்வொரு சொல்லாகத் தட்டினேன். 2019 மார்ச் மாதத்து இடுகை ஒன்று வந்து நின்றது. காலையில் அழைத்துப் பேத்தியின் தேர்வைப் பற்றி விசாரித்தார், மதியம் மறுபடி அழைத்து அதையே விசாரித்தார் என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, பேத்திமேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று ஒரு பத்தி. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் அதுபோல் இன்னும் இரண்டு.

மூன்று இடுகைகளையும் அச்செடுத்துப் போனேன். மருத்துவர் தேதிகளின் கீழே கோடிட்டு, நேரம் எடுத்துப் படித்தார். நான் சேர்த்திருந்த பத்திகளைத் தாண்டிப் போய்விட்டார். நடந்ததை நான் சரியாக எழுதியிருந்தேன். அதன் பொருளைத் தவறாக எழுதியிருந்தேன். தேதியோடு நடந்ததை எழுதியிருந்ததால்தான் அந்தத் தவறையும் இரண்டு ஆண்டுகள் கழித்து என்னால் காண முடிந்தது. வெறும் உணர்வை மட்டும் எழுதியிருந்தால் அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. அப்பாவைப் பற்றி இப்போது எழுதுபவை எல்லாம் பூட்டியவை. சம்மதம் கேட்டுப் பெறும் நிலையில் அவர் இல்லை. இங்கே சொன்னதும் தம்பியும் நானும் பேசி முடிவு செய்த அளவுக்குத்தான்.

தம்பி அவற்றைப் படித்துவிட்டு, "அக்கா, அந்த ஜூலை மாதம் அப்பா அப்படிப் பேசவில்லை, நானும் பக்கத்தில் இருந்தேன்" என்று வாதாடினான். முன்பென்றால் என் பதிவு, என் நினைவு என்று விட்டிருப்பேன். இப்போது அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே இடுகையின் அடியில் சேர்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அப்படியே இருக்கின்றன.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பதிவையும் ஏற்றுமதி செய்து இரண்டு இடங்களில் வைக்கிறேன். அந்த ஆண்டின் இடுகைகளை அச்செடுத்துக் கட்டுகிறேன். பெரியவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். சொந்தமாகத் தளப்பெயர் (பதிவுக்கான இணைய முகவரி) வாங்கினால் புதுப்பிக்கும் நாளை இரண்டு பேராவது குறித்துவையுங்கள். ஒருமுறை மறந்துபோய், மீட்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. கூகுள் கணக்கில், நாம் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தாமல் போனால் நம் தரவு யாரிடம் போகவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. என் கணக்கில் கணவர் பெயரும் மகள் பெயரும் இருக்கின்றன. எதைப் பரிந்துரைப்பாய் என்று கேட்டால், எந்தத் தளம் என்பதைவிட, எழுதியதை முழுவதுமாக வெளியே எடுக்க விடுகிறதா என்பதைப் பாருங்கள் என்பேன். ப்ளாகரும் வேர்ட்பிரஸும் இரண்டுமே விடுகின்றன.

மகளுக்கு இப்போது இருபது வயது. அவளைப் பற்றி எழுதும் எதையும் அவள் படித்த பிறகே வெளியிடுகிறேன். சில சமயம் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில சமயம் வேண்டாம் என்ற ஒற்றைச் சொல் வருகிறது, காரணம் கேட்பதில்லை. சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தவள், அந்த 37 இடுகைகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். ஒரு மாலை முழுக்கத் தனியாக உட்கார்ந்து படித்தாள். பரிசு வாங்கிய நாள் உட்பட ஆறு இடுகைகளைத் திரும்ப வெளியிடலாம் என்றாள். தோழியிடம் அவளே பேசி அனுமதி வாங்கியிருந்தாள். இருட்டைப் பற்றியது அந்த ஆறில் இல்லை. அது இன்னமும் வரைவிலேயே இருக்கிறது.