செப்சிஸுக்கு முதல் டிரிப்ஸ்: ரிங்கர் லாக்டேட் 500 மி.லி. பாட்டில்

செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) பிரஷர் சரிந்ததும் பல வார்டுகளில் கை தானாக நார்மல் சலைனுக்குத்தான் (உப்புக் கரைசல்) போகிறது. சிறுநீரகத்தை நினைத்தால் முதலில் தொங்க வேண்டியது ரிங்கர் லாக்டேட், அதாவது ஆர்.எல்.

லேபிளைப் பாருங்கள். சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு; ஆர்.எல்.லில் 110 அளவுதான், ரத்தத்துக்கு நெருக்கம். மிகுதிக் குளோரைடு ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும், சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண்தமனிகளையும் சுருக்கும். 2018இல் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஸ்மார்ட் ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளில் 30 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் சலைன் பிரிவில் 29.4%, ஆர்.எல். போன்ற சமநிலைத் திரவங்களில் 25.2%. பின்னால் வந்த பேசிக்ஸ் (2021), பிளஸ் (2022) ஆய்வுகளில் மொத்த நோயாளிகளின் இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஆர்.எல். கையில் இருக்கும்போது சலைனை லிட்டர் கணக்கில் ஏற்ற நியாயமில்லை.

"பொட்டாசியம் ஏறிவிடும்" என்று இதை ஒதுக்குவது தவறு. இதில் இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல்தான். சலைன் உண்டாக்கும் அமிலமோ செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

குறை கால்சியத்தில் இருக்கிறது. செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஒரே லைனில் கலந்தால் படிகமாகும். ரத்தம் ஏற்றும் லைனிலும் ஓட்டாதீர்கள். கால்சியம் தவிர இன்னொன்று: ஆர்.எல். ரத்தத்தைவிடச் சற்றே நீர்த்தது, மூளை வீக்கத்தைக் கூட்டலாம்; எனவே தலையில் அடிபட்டவருக்கு இது வேண்டாம், சலைனே சரி.

அளவுதான் முக்கியம். சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் சொல்வது முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்குக் குறைந்தது 30 மி.லி. 60 கிலோ ஆளுக்கு 1,800 மி.லி., மூன்றரை பாட்டிலுக்குச் சற்றே கூட. ஒவ்வொரு பாட்டில் முடிந்ததும் விரல் நுனியை அழுத்தி விட்டு, 3 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா பாருங்கள்; நெஞ்சின் அடிப்பகுதியில் ஸ்டெத் வைத்து, நுரையீரலில் நீர் கோக்கும் ஒலி வருகிறதா கேளுங்கள். சராசரி ரத்த அழுத்தம் 65ஐத் தொடாவிட்டால், பாட்டில் தீரட்டும் என்று காத்திராமல் அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினைத் தொடங்க வேண்டும். சிறுநீர் குறைகிறதே என்று மேலும் மேலும் ஏற்றுவதுதான் பெரிய தவறு. இறுகிய உறைக்குள் சிறுநீரகமே வீங்கும், சிரை அழுத்தம் கூடும், வடிகட்டல் இன்னும் குறையும்.

இனி பாட்டில். விறைப்பான பிளாஸ்டிக், முழுதாகச் சுருங்காது. பாதிக்கு மேல் ஓட்டம் தளரும். ஊசியால் குத்திக் காற்று விடுவது கிருமிக்கு வாசல் திறப்பது; காற்றுத்துளை வைத்த செட் போதும். அப்படிக் காற்று புகுந்த பாட்டிலைப் பிரஷர் பேக்கில் அழுத்தினால் காற்று சிரைக்குள் போய்விடும். வேகமாக ஏற்ற வேண்டிய ஐ.சி.யூ.வுக்குச் சுருங்கும் பையில் வரும் ஆர்.எல்.லையே கேட்டு வாங்குங்கள்.