பி.ஏ. எகனாமிக்ஸ் சேரலாமா? மூன்று வருஷம் படித்தவனின் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அண்ணா, நீங்க படிச்ச பி.ஏ. எகனாமிக்ஸ் எப்படி, சேரலாமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கல்லூரி பெயர் வேண்டாம், தென்மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரி. ஃபீஸ் குறைவு, பஸ் ஸ்டாப் வாசலிலேயே.

முதல் வருஷத்து நுண்ணியல், பேரியல் பொருளாதாரம் இரண்டும் சுமார்தான். சார் தமிழில் விளக்குவார், போர்டில் இங்கிலீஷில் எழுதுவார், நாங்கள் பரீட்சையில் இரண்டையும் கலந்து ஏதோ எழுதுவோம். விலைக்கும் வாங்கும் அளவுக்கும் உள்ள உறவைக் காட்டும் தேவைக் கோடு ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று ஒருநாள் ஒருவன் கேட்டதற்கு, "அது அப்படித்தான், படம் போட்டா ரெண்டு மார்க்" என்று பதில் வந்தது. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்பதால் கொஸ்டின் பேங்க் கையில் இருந்தால் பாஸ் ஆகிவிடலாம், அதுதான் சிக்கலே.

ஆனால் மூன்றாவது செமஸ்டர் புள்ளியியல் தாளுக்காகவே இந்த டிகிரியைப் படிக்கலாம் என்பேன். எங்கள் மேடம் குறியீட்டு எண் (பழைய விலையை 100 என்று வைத்தால் புது விலை எவ்வளவு என்று சொல்லும் எண்) பாடத்தை சூத்திரத்தில் ஆரம்பிக்கவில்லை. "நாளைக்கு காலையில உழவர் சந்தைக்குப் போய் போர்டுல எழுதிப் போட்டிருக்கிற விலையைக் குறிச்சுட்டு வாங்க, வீட்ல வாரத்துக்கு எத்தனை கிலோ வாங்குறாங்கன்னும் கேட்டுட்டு வாங்க" என்றார். எங்கள் வீட்டில் தக்காளி மூன்று கிலோ, சின்ன வெங்காயம் ஒரு கிலோ, கத்தரிக்காய் ஒரு கிலோ. கிலோ விலை 20, 50, 30. ஆக மொத்தம் 140 ரூபாய். சில வாரம் கழித்துப் போனால் தக்காளி 60, வெங்காயம் 60, கத்தரி 25. அதே அளவுகளை வைத்துப் போட்டால் 265 ரூபாய், குறியீட்டு எண் 189. இதுதான் லாஸ்பியர் முறை. வீட்டில் காட்டினேன், அம்மா சிரித்துவிட்டார். "தக்காளி அறுபது ரூபா வித்தா எவ மூணு கிலோ வாங்குவா? ஒரு கிலோதான் வாங்கினேன், புளியைக் கூடக் கொஞ்சம் கரைச்சேன், கத்தரி ரெண்டு கிலோ."

மறுநாள் மேடத்திடம் இதைச் சொன்னதும், "உங்கம்மா பாஷே கிட்ட வந்துட்டாங்கடா" என்றார். பழைய அளவுக்குப் பதில் புது அளவுகளை வைத்துக் கணக்கிடுவதுதான் பாஷே முறை. அம்மா இப்போது வாங்கும் அளவுகளை வைத்துப் போட்டால், பழைய விலையில் 130, புது விலையில் 170, குறியீட்டு எண் 131 தான். ஒரே வீடு, ஒரே சந்தை, ஒரு முறையில் 89 சதவீதம் ஏற்றம், இன்னொன்றில் 31. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஃபிஷர் முறை, சுமார் 157. அரசாங்கம் மாசாமாசம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு லாஸ்பியர் வகை என்பதும், 2012 அடிப்படை ஆண்டு வரிசையில் உணவு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவீதம் எடை, அதாவது மொத்தக் கணக்கில் அவ்வளவு பங்கு, கொடுத்திருந்தார்கள் என்பதும் அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது.

குறை இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் லேப் பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்பது மூன்று வருஷமும் மர்மம். பெருக்கல் சராசரிக்கு லாக் டேபிள் புரட்டினோம், எக்செல் திறந்ததே இல்லை. பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்களுக்கு வகைக்கெழு (கால்குலஸ்) வரும் அந்த ஒரு மாதம் நரகம்.

அப்புறம் ஆராய்ச்சி முறையியல், புராஜெக்ட். கட்டுரை எழுதுவது, மேற்கோள் காட்டுவது, கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாம் சொல்லித்தர வேண்டிய தாள். நடந்தது என்னவென்றால், கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போன வருஷத்து புராஜெக்ட் சாஃப்ட் காப்பி இருக்கும், ஊர் பெயரை மாற்றி தங்க எழுத்து அட்டை போட்டுக் கொடுத்துவிடுவார். எங்கள் குழுவின் புத்தகப் பட்டியலில் சீனியர்களின் எழுத்துப்பிழை அப்படியே இருந்தது. வைவாவில் யாரும் கேட்கவில்லை.

சேருவதானால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள்: இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு பி.ஏ. போதாது, எம்.ஏ. வேண்டும். இந்தியப் புள்ளியியல் பணிக்கு டிகிரியில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், உங்கள் கல்லூரியில் இருக்கும் அந்த ஒற்றைத் தாள் அதற்குச் செல்லுமா என்று சேரும் முன்பே தேர்வு அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எக்செல், கட்டுரை எழுதும் பழக்கம் இரண்டுக்கும் மத்திய அரசின் ஆன்லைன் வகுப்புத் தளமான ஸ்வயத்தில் வகுப்புகள் சும்மாவே பார்க்கலாம், சர்டிஃபிகேட் வேண்டுமென்றால்தான் பரீட்சைக் கட்டணம்.

தம்பி அப்ளிகேஷன் போட்டுவிட்டான். அந்த மேடம் இன்னும் ரிட்டயர் ஆகவில்லையா என்றுதான் முதலில் விசாரித்தான். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம்.