மூடிய வானமும் தூண்டில்காரர்களும்: ஓஎம்-1 தாங்குமா?

இங்கிலாந்தின் டீல் கடற்பாலம் 1957-இல் திறக்கப்பட்டது. நீளம் 1,026 அடி. மேகம் கவிந்த நாளிலும் தூண்டில்காரர்கள் வரும் இடம். இப்படியான இடத்துக்கு ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 கேமராவும் 12-40 எம்எம் எஃப்2.8 ப்ரோ II லென்ஸும் நல்ல ஜோடி. இரண்டுக்கும் ஐபி53 தரம் (தூசி, நீர்த்தெறிப்பைத் தாங்கும் அளவுகோல்) உண்டு என்பதால் தூறலுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் உப்பு வேறு கதை. திவலை பட்டால் அன்றே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்வதற்குள் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

பெரிய சிக்கல் வெளிச்ச அளவீடு. சாம்பல் வானம் பாதிச் சட்டத்தை அடைத்தால் கேமரா ஏமாந்துபோய் முகங்களைக் கரியாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது வெளிச்சத் திருத்தத்தை, +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள்; வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தூண்டில் வீசும் கணத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்2.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800-1600. காத்திருக்கும் ஆளுக்கு 1/125 போதும். ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டினால் கறுப்பு மழைக்கோட்டின் மடிப்புகளில் புள்ளிகள் தெரியும். சிறிய சென்சாரின் விலை அது. உள்ளிருக்கும் நடுக்கத்தடுப்பு கை ஆட்டத்தைத்தான் அடக்கும், கோலின் வீச்சை உறையவைக்காது.

வெண்சமநிலையை (நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் 5300 கெல்வினில் நிறுத்தினால் கடலின் நீலச்சாம்பல் அப்படியே நிற்கும். திவலையைத் தடுக்க லென்ஸ் ஹூட் கட்டாயம். காற்றுக்கு எதிரே திரும்பினால் அதுவும் உதவாது. வீசுபவரின் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், ஈயக்குண்டு முதலில் அந்தப் பக்கம்தான் சுழலும்.