மொண்டேவிடியோ துறைமுகச் சந்தை: நடந்தே போய்ச் சாப்பிடலாம்

தென் அமெரிக்கக் கப்பல் பயணத்தில் உருகுவேயின் தலைநகரான மொண்டேவிடியோவுக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் கிடைக்கும். அந்த ஒரு பகலுக்காகக் கப்பலில் விற்கும் பஸ் சுற்றுலாவை வாங்காதீர்கள். பழைய நகரமான சியுதாத் பியெஹாவை ஒட்டியே கப்பல் நிற்கிறது. துறைமுக வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் எதிரிலேயே மெர்காதோ டெல் புவெர்தோ என்னும் துறைமுகச் சந்தை. வாசலுக்கு முன்பே, 1939 டிசம்பரில் இந்த முகத்துவாரத்தில் தன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயின் நங்கூரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆனால் காலையிலேயே சந்தைக்குள் நுழைய வேண்டாம். அடுப்புகள் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். சரண்டி என்ற நடைபாதைத் தெரு வழியாகச் சுதந்திரச் சதுக்கம் வரை நடந்து திரும்பினால் பசியும் நேரமும் சரியாக இருக்கும். பழைய கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசல், 1928-இல் எழும்பிய பலாசியோ சால்வோ கோபுரம், குதிரைமேல் அமர்ந்த உருகுவே விடுதலை வீரர் அர்த்திகாஸின் சிலை, அதன் அடியில் நிலத்துக்குள் அவருடைய நினைவிடம் என எல்லாம் அங்கேயே அடுத்தடுத்து இருக்கின்றன. வழியெங்கும் கக்கத்தில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி நடப்பவர்கள்தான்.

திரும்பும்போது ரின்கோன் தெருவில் உள்ள ஆண்டீஸ் 1972 அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இந்த ஊர் ரக்பி அணியினருடன் 45 பேரை ஏற்றிச் சென்ற விமானம் ஆண்டீஸ் மலையில் விழுந்தது. 72 நாள்களுக்குப் பிறகு 16 பேர் உயிரோடு மீண்டார்கள். சிறிய இடம்தான், ஆனால் அந்தப் பையன்களின் ஊரிலேயே நின்று அந்தப் பொருள்களைப் பார்ப்பது வேறு. வெளியே வந்து வெகுநேரம் நானும் என் கணவரும் பேசவில்லை.

இனி சந்தை. 1868-இல் திறந்த கட்டடம். இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்த இரும்புத் தூண்களும் கூரையும், நடுவில் ஒரு பழைய கடிகாரமும் இருக்கின்றன. முன்பு காய்கறியும் இறைச்சியும் விற்ற இடம் முழுக்க இப்போது பர்ரிஷா எனப்படும் சுட்ட இறைச்சிக் கடைகள். இவர்கள் கரியை வாங்கிக் கொட்டுவதில்லை. பக்கத்தில் ஓர் இரும்புக் கூட்டில் விறகை எரித்து, உதிரும் தணலை மட்டும் கோலால் இழுத்துச் சரிவான கம்பி வலைக்கு அடியில் பரப்புகிறார்கள். தீ நாக்கு இறைச்சியைத் தொடுவதே இல்லை. அந்தப் பொறுமைதான் ருசி.

வெளி வரிசையில் மேசை விரிப்புப் போட்ட பெரிய உணவகங்கள் உண்டு. வாசலில் நின்று விடாமல் அழைப்பார்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை. உள்ளே அடுப்பைச் சுற்றி உயர நாற்காலிகள் போட்ட கடைகளில் உட்காருங்கள். எந்தத் துண்டு இப்போது பதமாக இருக்கிறதோ அதை விரல் நீட்டிக் கேட்கலாம். நான் கேட்டது அசாதோ தே திரா என்ற குறுக்காக அறுத்த விலா. உப்பைத் தவிர மசாலா எதுவும் இல்லை. ஓரம் மொறுமொறுப்பு, எலும்பருகே சாறு. பூண்டும் பார்ஸ்லியும் போட்ட சிமிச்சுர்ரியைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டால் போதும். உலர்திராட்சை சேர்த்த இனிப்பு இரத்தத் தொத்திறைச்சியான மொர்சிஷாவைத் துணிந்து ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், அருமை.

என் கணவர் இறைச்சி தொடமாட்டார். அவருக்குத் தணலில் உருகிய ப்ரொவோலோனே பாலாடைக்கட்டி, சுட்ட குடைமிளகாய், உருளைக்கிழங்கு கிடைத்தன. நிறைவாகவே சாப்பிட்டார். சைவம் மட்டும் உண்பவர்களுக்கு இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது. அதே கம்பி வலையில்தான் அதுவும் வேகும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

குடிக்க, மெதியோ இ மெதியோ. பாதி உலர் வெள்ளை ஒயின், பாதி இனிப்பான நுரை ஒயின். 1886 முதல் இருக்கும் ரோல்தோஸ் என்ற கடை இங்கேதான் அதைப் பரிமாறுகிறது. வெயிலில் நடந்து வந்தவருக்கு அது சில்லென்று இறங்கும்.

விலை மலிவில்லை. சில இடங்களில் ரொட்டிக்கும் மேசைக்கும் கூபியெர்தோ என்று தனியாகப் பணம் போடுகிறார்கள், உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இது மதியச் சாப்பாட்டுக்கான சந்தை. உங்கள் கப்பல் மாலையில்தான் கரை சேரும் என்றால் இதை நம்பி இறங்க வேண்டாம். ரம்ப்லா கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வாருங்கள்.