1.2 ஓம் காயிலா, 0.3 ஓம் காயிலா? லிக்விடைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

இருபது வருஷமாகப் பிடித்த சிகரெட்டை விட்டு என் அத்தான் வேப்புக்கு, அதாவது லிக்விடைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறினார். ஒரே வாரத்தில் மறுபடி சிகரெட் பாக்கெட் கைக்கு வந்துவிட்டது. கேட்டால், "நாலு இழுப்புக்கு ஒரு தரம் கருகிய பஞ்சு வாடை தொண்டையில அடிக்குது. இதுக்கு சிகரெட்டே தேவலை" என்றார். லிக்விட் ஊற்றும் டேங்கைக் கழற்றினேன். உள்ளே இருந்தது 1.2 ஓம் காயில். ஊற்றியிருந்தது 80 சதவீதம் விஜி (கிளிசரின்) உள்ள, மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடின் லிக்விட். கடையில் மாம்பழச் சுவை கேட்டார், கொடுத்தார்கள். என்ன காயில் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கு வருத்தமே அதில்தான்.

காயில் என்பது ஒரு சின்ன உலோகக் குழாய். உள்ளே சூடாகும் கம்பி அல்லது வலை, அதைச் சுற்றிப் பஞ்சு. ஓம் என்பது அந்தக் கம்பியின் மின்தடை அளவு. குழாயின் பக்கத்தில் உள்ள துளைகள் வழியாகத்தான் பஞ்சு லிக்விடைக் குடிக்கிறது. 1.2 ஓம் காயிலில் அந்தத் துளைகள் சின்னவை, 0.3 ஓமில் பெரியவை. லிக்விடில் பெரும்பங்கு இரண்டு பொருள்கள்: விஜி எனப்படும் கிளிசரின் பாகு மாதிரி கெட்டி, பிஜி எனப்படும் புரொப்பிலீன் கிளைகால் அதைவிட நீர்த்தது. கெட்டியானது சின்னத் துளையில் மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் அடுத்த இழுப்பு வந்தால் கம்பி காய்ந்த பஞ்சைச் சுடுகிறது. அத்தானுக்கு நிகோடினும் போதவில்லை, அதனால் விடாமல் இழுத்திருக்கிறார். பஞ்சுக்கு ஊற நேரமே கிடைக்கவில்லை.

இதை நேரிலேயே பார்க்கலாம். இழுத்து முடித்ததும் டேங்கைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். காயில் பக்கத்திலிருந்து குமிழி கிளம்பினால் பஞ்சு குடிக்கிறது என்று அர்த்தம். நாலைந்து இழுப்புக்கும் குமிழியே வரவில்லை என்றால் அந்த லிக்விட் அந்தக் காயிலுக்கு ஆகாது.

0.3 ஓமில் கதை தலைகீழ். விஜி, பிஜி பாதிப் பாதி உள்ள 50/50 லிக்விடை அதில் ஊற்றினால் பெரிய துளைகள் வழியாக வெள்ளமாகப் பாயும். இழுக்கும்போது கொளகொளவென்று சத்தம், வாயில் சூடான துளிகள், அடியில் காற்றுத் துளை வழியாக ஒழுகல். டேங்க் உடைந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். காயில் முழுசாகத் திருகப்பட்டிருக்கிறதா, ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் 70 சதவீத விஜிக்கு மாறுங்கள். பெரும்பாலும் அதோடு ஒழுகல் நின்றுவிடும்.

மின்கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் காயில் சுமார் 11 வாட் எடுக்கும், 0.3 ஓம் சுமார் 45 வாட். ஆவி அதிகம் என்றால் லிக்விடும் பேட்டரியும் சீக்கிரம் தீரும். நிகோடின் அளவும் அதற்கேற்ப மாறவேண்டும்: 0.3 ஓமுக்கு 3 அல்லது 6 மில்லிகிராம் தாராளம். 1.2 ஓமில் 10 முதல் 20 வரையிலான நிகோடின் சால்ட் (அமிலம் சேர்த்துக் காட்டம் குறைத்த நிகோடின்) தொண்டையை உறுத்தாமல் இறங்கும். அந்த 20-ஐ 0.3 ஓமில் ஊற்றவே கூடாது. தலைசுற்றல், குமட்டல் வரும்.

சிகரெட்டிலிருந்து வருபவருக்கு என் ஓட்டு யோசிக்காமல் 1.2 ஓம், 50/50 பக்கம். இழுப்பு சிகரெட் மாதிரியே இறுக்கமாக இருக்கும், செலவும் குறைவு. 0.3 ஓமின் சுவை அடர்த்தியானது, மறுக்கவில்லை. ஆனால் ஆசையை அடக்க வந்தவருக்கு வேண்டியது நிகோடின், ஆவி மூட்டம் இல்லை.

இரண்டுக்கும் பொதுவான எதிரி இனிப்பு. சுக்ரலோஸ் சேர்த்த லிக்விட் கம்பியில் கரியாக ஒட்டிக்கொள்ளும்; இரண்டு வாரம் ஓடவேண்டிய காயில் நாலே நாளில் கறுத்துவிடும். இலவங்கப்பட்டை, எலுமிச்சைச் சுவைகள் சில பிளாஸ்டிக் டேங்குகளில் விரிசல் விடவைக்கும்; அவற்றுக்குக் கண்ணாடி டேங்க்தான் சரி. எண்ணெய் கலந்த எதையும் எந்தக் காயிலிலும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்கு ஆபத்து.

நான் சொல்வதெல்லாம் பிரிட்டன் நிலவரம். இங்கே நிகோடின் உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், டேங்க் 2 மில்லிலிட்டர். ஒருதரம் பயன்படுத்தி வீசும் வேப்புகளை விற்பதற்கு 2025 ஜூன் 1 முதல் தடை என்பதால் காயில் மாற்றும் டேங்குக்குப் புதிதாக நிறையப் பேர் வருகிறார்கள். இந்தியாவில் 2019 முதல் வேப் விற்பனையே சட்டப்படி குற்றம். சிகரெட் பழக்கமே இல்லாதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்றுதான் இங்குள்ள மருத்துவத் துறை சொல்கிறது, தீங்கே இல்லை என்று சொல்லவில்லை.

அத்தானுக்குப் புதுக் காயில் போட்டோம். கருகிய பஞ்சு கழுவினாலும் தேறாது. துளைகளில் இரண்டிரண்டு சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிஷம் அப்படியே வைத்தோம். 50/50 லிக்விட், 20 மில்லிகிராம் சால்ட். முதல் இழுப்பில் குமிழி மேலே வந்ததை அவரே காட்டினார். இப்போது 10 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறார்; சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்த இடத்தில் ஒரு உதிரிக் காயில் இருக்கிறது.