7 வருஷமா சாண எரிவாயு அடுப்புல சமைக்கிறோம், எங்க அனுபவம்

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடுங்க எங்களுது. 2018ல 2 கனமீட்டர் சாண எரிவாயு கலன் போட்டோம், ஃபைபர் டிரம் மிதக்கற மாடல், உள்ள கேஸ் சேர சேர டிரம் மேல ஏறும். அப்ப நாலு மாடு இருந்துச்சு, அந்த கலனுக்கு தினம் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணியும் வேணும், அதனால சரியா இருந்துச்சு.

போட்டதும் எரியும்னு நினைக்காதீங்க. எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. டிரம் நல்லா மேல ஏறிடுச்சு, ஆனா தீக்குச்சி வச்சா பத்தவே இல்ல, அம்மா காசெல்லாம் வீணாப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, மொதல்ல வர்ற வாயுல கார்பன் டை ஆக்சைடு ரொம்ப ஜாஸ்தி, ரெண்டு மூணு தடவ அத வெளிய விட்டுடணும். மூணாவது தடவ நீலமா பத்துச்சு, அன்னைக்கு பால் காய்ச்சுனோம்.

பழைய சிலிண்டர் அடுப்ப அப்படியே மாட்டிடலாம்னு பாத்தோம், சரியா எரியல. இதுல எரியற வாயுவான மீத்தேன் 55, 60 சதவீதம்தான், அதனால அடுப்புல கேஸ் வர்ற ஜெட் ஓட்டை பெருசா இருக்கணும், இதுக்குன்னே தனி அடுப்பு வாங்கறதுதான் நல்லது.

என்னோட கணக்குல இது மிஷின் இல்லீங்க, மாட்டு வயிறு மாதிரி. மாட்டோட வயித்துல இருக்கற நுண்ணுயிர்தான் சாணத்தோட வந்து உள்ளயும் வேலை செய்யுது, அதுக்கு ஒத்துக்காதது எதுவும் உள்ள போகக் கூடாது. ஒரு தடவ கட்டுத்தரையை ஃபினாயில் ஊத்திக் கழுவுன தண்ணி வாய்க்கால் வழியா கலனுக்குள்ள போயிடுச்சு, ஒரு மாசம் கேஸே வரல, புதுசா சாணம் கரைச்சு ஊத்தி ஊத்தித்தான் திரும்ப வந்துச்சு. அதுலருந்து கட்டுத்தரை கழுவற தண்ணிக்கு தனி வழி வெட்டிட்டேன். மார்கழி, தை குளிர்லயும் டிரம் பாதிக்கு மேல ஏறாது, அப்ப வெயில்ல சூடான தண்ணில மதியம் கரைச்சு ஊத்துவோம், கொஞ்சம் தேவல.

தீ விட்டு விட்டுக் குதிச்சு எரிஞ்சா பைப்புல தண்ணி கட்டியிருக்குன்னு அர்த்தம். பைப்பு தாழ்வா போற எடத்துல ஒரு குழாய் வச்சு வாரம் ஒருக்கா வடிச்சுடுங்க.

முன்னாடி 40 நாளைக்கு ஒரு சிலிண்டர் ஆகும், இப்ப அஞ்சு பேருக்கு வருஷத்துக்கு ரெண்டோ மூணோதான், அதுவும் விசேஷத்துக்கு. நம்ம நாட்டுக்கு வேணுங்கற சமையல் கேஸ்ல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து, பெரும்பாலும் வளைகுடா பக்கம் இருந்து கப்பல்ல வருது. தினம் கட்டுத்தரைல கெடக்கற சாணத்துலயே சோறு வேகறப்ப அத்தன தூரத்துல இருந்து வரணுமான்னு எனக்கு உண்மையிலேயே ஆதங்கமா இருக்கும்.

ஆனா கேஸ விட எனக்குப் பெருசா தெரியறது கலன்லருந்து வெளிய வர்ற கரைசல்தாங்க. சாணத்த வரட்டி தட்டி எரிச்சா தழைச்சத்தும் அதோட போயிடும், இதுல கேஸ் மட்டும் பிரிஞ்சு சத்து கரைசல்லயே நிக்குது. நாத்தம் இல்ல, ஈ மொய்க்கறதில்ல, களை விதையும் பச்சைச் சாணத்துல வர்ற அளவுக்கு முளைக்கறதில்ல. மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட கோ 4 புல்லுக்கும் தென்னைக்கும் விடறோம், யூரியா வாங்கி நாலு வருஷம் ஆச்சு.

இப்ப ரெண்டு மாடுதான், சாணம் 25, 30 கிலோதான் வருது. ரெண்டு வேளை சமையலுக்கு அது போதும், குளிக்கச் சுடுதண்ணிக்கு விறகுதான். ரெண்டு மாடு இருக்கறவங்க 1 கனமீட்டரே போடுங்க, பெருசா போட்டுட்டு சாணத்துக்கு அலையாதீங்க. அப்புறம் தினம் யாரு சாணம் கரைக்கறதுன்னு வீட்ல மொதல்லயே பேசிக்கங்க. எங்க வீட்ல அது அம்மா தலைலயே விழுந்துச்சு, அவங்களுக்கு முட்டி வலி வந்தப்பறம்தான் நான் எடுத்துக்கிட்டேன், தினம் காலைல 20 நிமிஷ வேலை, மொத நாள்லருந்தே நான் செஞ்சிருக்கணும்.