கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா? முதலில் உங்கள் மீட்டரைப் பாருங்கள்

எரிபொருள் விலை ஏறும்போது ஒரு வீட்டில் செலவைக் குறைக்க முடிகிற இடங்கள் ரொம்பக் கொஞ்சம். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கு பைக்கில் போய் வருகிறார். ஷிப்ட் நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டினாலும் போட்டுத்தான் ஆக வேண்டும். நான் டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அந்த ஒரு செலவு நின்றது. டீசல் விலை லாரி வாடகையில் ஏறி, அங்கிருந்து தக்காளியிலும் பருப்பிலும் வந்து விழுவதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் இருப்பது அடுப்புதான். அங்கே மட்டும்தான் எதை எரிப்பது என்று நாமே முடிவு செய்யலாம்.

எங்கள் வீட்டில் சமையலில் பெரும்பகுதியைக் கரண்டில் ஓடும் இண்டக்‌ஷனுக்கு மாற்றிவிட்டோம். அதனால் இதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் இது சரிவராது. யாருக்குச் சரிவரும், யாருக்கு வராது என்பதுதான் முக்கியமான விஷயம். அதைக் கடையில் அடுப்பு விற்கிறவர்கள் சொல்வதில்லை.

விறகைப் பற்றி இரண்டு வரி போதும். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் அத்தை வீட்டில் தென்னைமட்டை, கொதும்பு, சில்லாட்டை எல்லாம் தோப்பிலேயே கிடக்கிறது. குளிக்க வெந்நீர் போடுவதும், காருகுறிச்சி மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பதும் அதில்தான். காசு செலவில்லை. ஆனால் ஊரில் தோப்பு இல்லாதவர்கள் விறகை விலைக்கு வாங்கி எரிப்பதில் லாபம் கிடையாது, புகையில் கண்ணும் நெஞ்சும் கெடுவதுதான் மிச்சம். டவுனில் மாடி வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேஸ் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லாப் பாத்திரமும் வைக்கலாம், தீயைக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம், கரண்ட் போனாலும் சோறு வேகும். அதன் ஒரே குறை விலை நம் கையில் இல்லாததுதான். நாட்டில் எரிக்கிற சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே ஏதாவது நடந்தால் இங்கே நம் சமையலறையில் தெரியும். சென்னை விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் 14.2 கிலோ சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறி 868.50 ஆனது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே ராத்திரியில். மாத பட்ஜெட் போடுகிறவளுக்கு இது பெரிய தொல்லை. முன்பு வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த மானியமும் 2020க்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் பேருக்குத்தான்.

கரண்ட் கட்டணமும் ஏறத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டுத்தான் ஏற்ற முடியும். ஏறினாலும் யூனிட்டுக்கு இத்தனை காசு என்று முன்கூட்டியே தெரியும்.

இனி சமையல். சோறு, பருப்பு, பால், வெந்நீர், இட்லி, கிழங்கு அவிப்பது, ரசம் எல்லாம் இண்டக்‌ஷனில் கேஸைவிட வேகம். குக்கர் வைத்துவிட்டு நேரம் குறித்துவிட்டால் அதுவே அணைந்துகொள்ளும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற வீட்டில் இது பெரிய உதவி. சித்திரை வெயிலில் சமையலறைச் சூடு பாதியாகக் குறைந்ததை நான் உடம்பிலேயே உணர்ந்தேன்.

தேங்காய்ப்பால் குழம்பான சொதிதான் வராது. திருநெல்வேலிக்காரர்கள் மாற நினைத்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் லேசாகச் சூடு காட்டி இறக்க வேண்டும். சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் அளவை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அது சின்னத் தீயாக எரிவதில்லை. சில நொடி வேகமாக ஓடும், பிறகு நின்றுவிடும், மறுபடி ஓடும். ஓடுகிற நொடியில் சட்டியின் நடுவில் குபுகுபுவென்று கொதி வரும், நின்றதும் அடங்கும். இரண்டு முறை அப்படி நடந்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். அதனால் சொதி கேஸில்தான்.

தோசையும் கேஸில்தான். வீட்டில் இருக்கிற பெரிய இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் நடுவில் மட்டும் சிவந்து ஓரம் வெளுத்துக் கிடக்கிறது. தாளிப்புக் கரண்டி சின்னதாக இருப்பதால் பாத்திரம் இருப்பதே அடுப்புக்குத் தெரியாமல் கூவிக்கொண்டே இருக்கும். அப்பளம் சுட முடியாது, கத்தரிக்காய் சுட முடியாது. மண்சட்டி, ஈயப் பாத்திரம், அலுமினியக் குக்கர், இண்டாலியச் சட்டி எதுவும் ஆகாது. ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஆகும், இல்லையென்றால் ஆகாது. அத்தையிடம் ஒரு அடுப்பு வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "ஏளா, மண்சட்டி வைக்க முடியாத அடுப்பு எனக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். அவர்கள் சமையலுக்கு அது நியாயமான கேள்விதான்.

சரி, இப்போது காசுக் கணக்கு. எது லாபம் என்பதை அடுப்பு தீர்மானிப்பதில்லை, உங்கள் மீட்டர்தான் தீர்மானிக்கிறது.

ஒரு சிலிண்டர் கேஸில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் கரண்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றிக் காற்றில் போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் வீணாவது ரொம்பக் குறைவு. ஆகவே ஒரு சிலிண்டரில் ஆகிற சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 135 யூனிட் வாக்கில் ஆகும். இங்கே வீட்டுக்கு வந்து இறங்கும்போது சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் யூனிட்டுக்கு ஆறே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. நீங்கள் கூடுதலாக எரிக்கப் போகிற யூனிட் அதைவிட மலிவாகக் கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம். அதற்கு மேல் போனால் கேஸ் லாபம். உங்கள் ஊரில் இன்றைய சிலிண்டர் விலையை 135ஆல் வகுத்தால் உங்கள் கணக்கு கிடைத்துவிடும்.

அந்தக் கூடுதல் யூனிட் என்ன விலைக்கு வரும்? தமிழ்நாட்டின் 2024 ஜூலைக் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் நிற்கிற வீட்டுக்கு 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டினால் கதையே மாறிவிடும். மேலே போகிற யூனிட்டுக்கு 8.40, அதற்கும் மேலே 9.45 என்று ஏறும். அதோடு 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய் அதற்கும் 4.70 ஆகிவிடும். அந்த ஒரு கோட்டைத் தாண்டியதற்கே 235 ரூபாய் கூடிவிடுகிறது.

இப்போது மூன்று வீட்டைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை. முன்பு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டை ஒட்டித்தான் ஓடும். இண்டக்‌ஷன் வந்த பிறகு 120 யூனிட் வாக்கில் கூடியிருக்கிறது. அது 4.70 வீதம் 564 ரூபாய். அதே சமையலுக்குக் கேஸ் என்றால் 800 ரூபாய். மிச்சம் இரண்டு மாதத்துக்கு 235 ரூபாய் வாக்கில்தான். பெரிய தொகை இல்லை. அடுப்பு, அடிப்பக்கம் தட்டையான குக்கர் என்று முதலில் போட்ட காசு திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். சிலிண்டர் மறுபடி 1,100க்குப் போனால் சீக்கிரம் திரும்பும். அந்தப் பயத்துக்கு ஒரு காப்பாகவும்தான் நான் இதை வாங்கினேன்.

பேட்டையில் சித்தியும் சித்தப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 80 யூனிட், பில்லே வராது. அவர்கள் 100 யூனிட் கூடுதலாகச் சமையலுக்கு எரித்தால் அதில் 20 இலவசத்தில் போகும், மிச்சம் 80க்கு 188 ரூபாய். அந்த அளவு கேஸுக்கு 665 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆக, அதிகமாக மிச்சம் பிடிப்பது வசதியான வீடுகள் இல்லை, குறைவாகக் கரண்ட் எரிக்கிற சின்ன வீடுகள்தான். அடுப்பு வாங்கக் கையில் காசு இல்லாதவர்களும் அவர்கள்தான் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் உஜ்வலா கேஸ் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து அவர்களுக்குச் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் என்பதால், 200 யூனிட் வரை இண்டக்‌ஷன் லாபம், அதற்கு மேல் கேஸே மலிவு.

மூன்றாவது, பெருமாள்புரத்தில் மதினி வீடு. கோடையில் ராத்திரி ஏ.சி. ஓடும், 450 யூனிட் வந்துவிடும். நான் சொல்வதைக் கேட்டு அவர்களும் 120 யூனிட்டைச் சமையலுக்குக் கூட்டினால் 570. பில் 1,490லிருந்து 2,628க்குப் போகும். 800 ரூபாய் கேஸை மிச்சம் பிடிக்க 1,138 ரூபாய் கரண்டுக்குக் கட்டுவது நஷ்டம். அவர்களுக்கு நான் சொன்னது, பங்குனி பிற்பகுதியிலிருந்து வைகாசி வரை கேஸ், ஆனியில் சாரல் காற்று அடித்து ஏ.சி. நின்ற பிறகு இண்டக்‌ஷன். இரண்டு அடுப்பும் இருப்பதால் கிடைக்கிற வசதி இது. இண்டக்‌ஷன் வாங்கிவிட்டோம் என்று கேஸ் இணைப்பை யாரும் ஒப்படைக்க வேண்டாம்.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்திருப்பவர்கள் நிலைமைதான் கஷ்டம். நாங்கள் முன்பு இருந்த வீட்டில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம், ஒன்றாவது யூனிட்டிலிருந்தே. இலவச யூனிட்டும் கிடையாது, மலிவு விலையும் கிடையாது. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பம் ஓடுவதால் மொத்த பில் மேல் கட்டணத்தில் ஏறிவிடும், வீட்டுச் சொந்தக்காரர் அதை அப்படியே பிரித்துவிடுவார். அந்த வீட்டில் இருந்தவரை இண்டக்‌ஷனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் குடும்பத்துக்குத் தனி இணைப்புக் கேட்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அது நடந்தால் சமையல் மட்டுமில்லை, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலுமே மிச்சம்.

மாடியில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறும். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் இருக்கிறது. ஆனால் நாங்கள் போடவில்லை, போட்டவர்கள் வீட்டு பில்லை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அதில் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடுப்பு 2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடுகிற சின்ன பிளக்கில் சொருகாதீர்கள். பழைய வீடுகளில் வயர் மெல்லிசாக இருக்கும், சூடேறிப் பிளக் உருகிவிடும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு பவர் பிளக் ஒன்றைத் தனி வயரில் இழுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்துக்கொண்டால் அன்றைக்குக் கேஸில் சமாளித்துவிடலாம்.

அடுப்பின் ஆயுள் பற்றி உறுதியாக என்னால் சொல்ல முடியாது. எங்களுடையது இன்னும் வாரண்டியைத் தாண்டவில்லை. ஜங்ஷன் பக்கம் பழுது பார்க்கிற அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். தன்னிடம் வருகிற அடுப்புகளில் பாதி கரப்பான் உள்ளே போய் போர்டு கெட்டவை, மிச்சம் சமையல் முடிந்ததும் சுவிட்சைப் படக்கென்று அணைப்பதால் ஃபேன் ஓடாமல் உள்ளே சூடு தங்கிப் போனவை என்றார். போர்டு போனால் புது அடுப்பு விலையில் பாதி வரை ஆகுமாம். அன்றிலிருந்து சமைத்து முடித்ததும் ஃபேன் சத்தம் நிற்கும்வரை சுவிட்சைத் தொடுவதில்லை. ராத்திரி அடுப்பைத் துடைத்து, மேடையில் விடாமல் அலமாரிக்குள் எடுத்து வைத்துவிடுகிறேன்.